மூன்று மாதத்துக்கு ஆடாத தலை

கொட்டாஞ்சேனை
14.09.2003

அக்கா,

உறை மேலுள்ள கையெழுத்தைக் கண்டதும் இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட நினைப்பாய். முன்பு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. இதையாவது வாசி. நீளமாக எழுத மாட்டேன்.

என் தலை ஆடுவது நின்றுவிட்டது.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டர் ஒருவர் பார்த்தார். இது பயமும் இல்லை, பழக்கமும் இல்லை, கழுத்துத் தசை தன் பாட்டில் இழுக்கும் வருத்தம் என்றார். டிஸ்டோனியா என்று ஒரு காகிதத் துண்டில் எழுதித் தந்தார். நீ எனக்குத் தேய்த்த எண்ணெய்க்கும், கோயிலில் வைத்த நேர்த்திக்கும் அது ஏன் அசையவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஊசி போட்டார்கள். தகரத்தில் அடைத்துக் கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு அது. முழு அளவில் உடம்புக்குள் போனால் ஆள் மூச்சு விட முடியாமல் சாவான். துளியிலும் துளியாகக் கரைத்து ஒரு தசையில் போட்டால் அந்தத் தசை மட்டும் சோர்ந்து கிடக்கும். பணக்காரப் பெண்கள் முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களாம். முறைக்குக் காத்து நான் உட்கார்ந்திருந்த வாங்கில் அப்படி யாரும் இல்லை. இமை திறக்க மாட்டாமல் மகளின் கையைப் பிடித்து வந்த ஒரு அம்மா, நுனிக்காலில் மட்டும் நடக்கிற ஒரு பிள்ளை, பாரிசவாதத்தில் விரல் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணான ஒரு கிழவர். எல்லோருக்கும் இதே மருந்துதான். இடம்தான் வேறு.

விலை கூடின மருந்து. குப்பியைத் திறந்தால் வைத்திருக்க முடியாது, அன்றே முடிக்க வேண்டும். அதனால் இரண்டு பேரை ஒன்றாகக் கூப்பிட்டு ஒரு குப்பியைப் பிரித்துப் போடுகிறார்கள். எனக்கு வாய்த்த ஆள் ஒரு ஆமிக்காரன். குருநாகல் பக்கம். தலையில் துவக்குச் சன்னம் பட்டு வலது கை பொத்தியபடி இறுகிவிட்டது. எங்கள் மட்டக்களப்பில் இருந்தவனாம். கிரானில் ஒரு கடையில் தயிர் நல்லது என்றான்.

பத்தாம் நாள் காலை முகம் வழிக்கும்போது கண்ணாடியில் என் முகம் ஓரிடத்தில் நின்றது. நான் வேலை பார்க்கும் லொட்ஜில் "அறை இருக்கா அண்ணன்?" என்று கேட்டால் அறை நிரம்பியிருந்தாலும் என் தலை ஓம் என்றுவிடும். எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன். இப்போது தலை நான் சொல்வதைத்தான் சொல்கிறது.

மூன்று மாதத்துக்குத்தான். பிறகு திரும்பவும் ஆடுமாம். திரும்பவும் ஊசி.

உனக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அல்பேட்


தன்னாமுனை
02.10.2003

அல்பேட்,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அடுப்பு மூட்ட எனக்குத் தென்னோலை இருக்கிறது.

உன் கழுத்து நின்றதைக் கேட்டு நான் என்ன செய்ய வேண்டும்? கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கவா? உன்னைச் சும்மா இருக்க வைக்க நஞ்சுதான் வேண்டும் என்பதை அந்த டொக்டர் கண்டுபிடிக்க இவ்வளவு படித்திருக்கத் தேவையில்லை.

ஆமிக்காரனோடு ஒரே குப்பியில் மருந்து எடுத்தாய். அதையும் எனக்கு எழுதுகிறாய், தயிர்க் கதையோடு.

நான் கண்டதை எழுதுகிறேன். தொண்ணூற்றேழு ஆனி, ஆமியின் சுற்றிவளைப்பு. கோயில் வளவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மணிக்கூண்டுப் பக்கம். நீ சங்கக்கடை மனேச்சர், ஊரில் எல்லோரையும் தெரிந்தவன் என்று உனக்கு இருக்கக் கதிரை போட்டார்கள். ஒவ்வொருவராக உன் முன்னால் நடத்தினார்கள். நீ தலையாட்டினாய், விட்டார்கள். என் பிள்ளை வந்து நின்றான். ஆமிப் பெரியவன் குனிந்து உன்னிடம் ஏதோ கேட்டான். நீ தலையாட்டினாய். றெஜியை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவன் உன்னைத்தான் பார்த்துக்கொண்டு போனான், என்னை இல்லை.

முகமூடி போட்டு ஆள் காட்டுகிற தலையாட்டியை மற்ற ஊர்களில் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். எனக்கு என் வீட்டுக்குள்ளிருந்தே கிடைத்தான். அத்தான் செத்த பிறகு பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி இருப்பான் என்று நான் சோறு போட்டு வைத்திருந்த தம்பி.

இனி எழுதாதே.

செசீலியா


கொட்டாஞ்சேனை
19.10.2003

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரே ஒரு தரம் எழுதுகிறேன். நீ மணிக்கூண்டுப் பக்கம் நின்றாய், நீ கண்டது மட்டும்தான், உனக்குக் கேட்கவில்லை. கேட்டதை நான் சொல்கிறேன்.

மற்றவர்களைக் காட்டி அந்த அதிகாரி "ஊர் ஆளா?" என்று கேட்டான். நான் ஓம் என்றேன். தலையும் ஓம் என்றது. றெஜி வந்ததும் கேள்வியை மாற்றினான். இவன் புலியா என்று சிங்களத்தில் கேட்டான். "நே மாத்தயா" என்றேன். இல்லை ஐயா, என் அக்காவின் மகன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை ஆடியது. பயப்பட்டால் அது கூடும் என்பது உனக்குத் தெரியும். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தேன். கையோடு சேர்ந்து ஆடியது.

அவன் சிரித்தான். வாய் இல்லை என்கிறது, தலை ஓம் என்கிறது, வாய்க்குத்தானே பயம், தலைக்கு என்ன பயம் என்று பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னான்.

நான் சொன்னது இவ்வளவுதான். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லத் தொடங்கினாலே தலை ஆடும், கேட்பவன் என் வாயைப் பார்க்க மாட்டான்.

அல்பேட்


தன்னாமுனை
30.11.2003

தம்பி,

உன் கடிதம் வந்து ஐந்து கிழமை. பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வேண்டி வந்துவிட்டது.

காணாமல் போனவர்களை விசாரிக்க ஒரு குழு தை மாதம் மட்டக்களப்பு ரவுனுக்கு வருகிறது. ஜனவரி இருபதாம் திகதி றெஜியின் முறை. நம் வழக்கை நல்லரத்தினம் ஐயாதான் பார்க்கிறார், பழைய சட்டத்தரணி, காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஆள் நேர். அவரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். காட்டியதற்குக் கோபிக்காதே.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று தன்னாமுனையில் யாரையும் பிடிக்கவில்லை என்று ஆமி எழுத்தில் கொடுத்திருக்கிறது. பிடித்ததைக் கண்டவர்கள் ஊர் முழுக்க. ஐயா வீடு வீடாகக் கேட்டார். "எங்கட பிள்ளையளும் வளருது ஐயா, எங்கள விடுங்க" என்று புஸ்பம் கதவைச் சாத்தினாள். றெஜிக்கு ஞானஸ்நானத் தாய் அவள். மிஞ்சியது தொண்ணூற்றேழில் அந்தக் கிழமையே நான் கொடுத்த முறைப்பாடு. அதில் நான் எழுதியிருப்பது: என் தம்பி தலையாட்டிக் காட்டிக்கொடுத்தான், பிள்ளையை ஏற்றினார்கள்.

"செசீலியா, இப்ப நீ வந்து தம்பி காட்டிக்குடுக்கல்ல எண்டு வெறும் வாயால சொன்னா, அவங்க என்ன சொல்லுவாங்க? காட்டினதும் பொய், ஏத்தினதும் பொய் எண்டு ஃபைல மூடிருவாங்க" என்றார் ஐயா.

"மறுகா என்ன ஐயா செய்யிற?"

"அவன்ட தலையக் கொண்டு வா. அது ஆடுறத அவங்கட கண்ணால பாக்கட்டும். வருத்தத்தில ஆடின தலையப் பாத்துத்தான் பிள்ளைய ஏத்தினாங்க எண்டா ரெண்டும் உண்மையாகும். பிள்ளைய ஏத்தினதும் நிலைச்சு நிக்கும், அவன்ட பழியும் போகும்."

டொக்டர் தந்த துண்டு போதாதா என்று கேட்டேன். உன் துண்டு இந்த வருடத்தது. தொண்ணூற்றேழில் ஆடியதென்று அது சொல்லாது.

எனக்குத் தெரியும், ஆடியது. நீ காட்டினாய் என்று நம்பியிருந்த நாட்களிலும் இது எனக்குத் தெரியும். றெஜி சைக்கிள் கேட்கிற விதம் நினைவிருக்கிறதா? உன் அறைவாசலில் நின்று "மாமா, சைக்கிளத் தாறயளா?" என்பான். நீ வாயைத் திறப்பதற்குள் "ஆ, மாமா ஓம் எண்டுட்டார், அம்மா நீங்கதான் சாட்சி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் உன்னைப் பழி சொன்னேன். இரண்டும் ஒரே மனதுக்குள் இருந்தன. எப்படி என்று கேட்காதே.

செப்டெம்பரில் போட்ட ஊசி தை மாதத்துக்குள் விட்டுவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அடுத்ததைப் போடாதே. ஆடுகிற தலையோடு வா.

செசீலியா


கொட்டாஞ்சேனை
14.12.2003

அக்கா,

வருவேன். இருபதாம் திகதி காலை அங்கே நிற்பேன்.

ஊசி விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஜனவரி ஆறாம் திகதி நாள் தந்திருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அந்தக் குப்பியைப் பிரிக்க ஆள் இல்லை, அந்த ஆமிக்காரனுக்கும் போட மாட்டார்கள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் எப்போது என்று தெரியாது. அவன் பெண் பார்த்து வைத்திருக்கிறான். மோதிரம் மாற்றும்போது கை விரிய வேண்டுமாம். இதை உனக்கு எழுதுவது சரியில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீ ஏசுவாய்.

பழைய ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது. இந்த முறை நோவோடு வருகிறது. நனைந்த கயிற்றை முறுக்குவது போல் இடது பக்கம் இழுக்கிறது. படுக்கும்போது தலைக்கு இரண்டு பக்கமும் அரிசிப் பையை அண்டக் கொடுத்துப் படுக்கிறேன். நான் ஊசியை நினைப்பது நோவுக்காக இல்லை. நோவை நான் முன்பும் தாங்கியிருக்கிறேன்.

கண்ணாடியில் ஓரிடத்தில் நின்ற முகத்தை நீ பார்க்கவில்லை. அதனால் நான் சொல்வது உனக்கு விளங்குமோ தெரியாது. விடு. வருவேன்.

அல்பேட்


தன்னாமுனை
28.12.2003

தம்பி,

நத்தார்ப் பூசைக்குப் போய் வந்து எழுதுகிறேன். வருவேன் என்று எழுதியிருக்கிறாய். ஊசி போட மாட்டேன் என்று எழுதவில்லை. நான் இரண்டு தரம் வாசித்துத்தான் சொல்கிறேன்.

அவனுடைய கல்யாணத்தில் கை விரியாவிட்டால் என்ன? என் பிள்ளைக்கும் பெண் பார்க்கிற வயதுதான். இருபத்தைந்து.

ஒரு கிழமை, இரண்டு கிழமை. உன் கழுத்தை எனக்குக் கடனாகத் தா. வேறொன்றும் உன்னிடம் கேட்க மாட்டேன். உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். முதல் நாளே வந்து இங்கே தங்கு.

செசீலியா


தன்னாமுனை
24.01.2004

அல்பேட்,

நீ முதல் நாள் வரவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மண்டப வாசலில் பஸ்ஸால் இறங்கி வந்தாய். அடித்து நட்ட கம்பு மாதிரி உன் கழுத்து நேராக இருந்தது. நல்லரத்தினம் ஐயா உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே நீ எல்லாவற்றையும் நன்றாகச் சொன்னாய். அதை மறுக்கவில்லை. அதிகாரி கேட்டதைச் சொன்னாய், நீ இல்லை என்றதைச் சொன்னாய், தலை தன் பாட்டில் ஆடியது என்றாய். சொல்லும்போது உன் தலை ஒரு நூல் அசையவில்லை. குழுத் தலைவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க, ஆட்டத்தக் காணல்லயே" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஊசி போட்டிருக்கிறேன் என்றாய். துண்டைக் காட்டினாய். திகதியைப் பார்த்தார், மேசையில் வைத்தார்.

பிறகு உன்னை வெளியே அனுப்பினார்கள். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. தேத்தண்ணீர்க் கடையில் நீ காத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டேன். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

தலைவர் சொன்னார்: "அம்மா, உங்கட தம்பி சொல்றதெல்லாம் ஒரு ஆடுற தலைய நம்பித்தான் நிக்குது. அந்தத் தலை இங்க ஆடல்ல. அது கதை எண்டா, ட்ரக்கும் கதையா இருக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?" எழுதுகிற பெண் முடிவை எழுதப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். ஐயா என் முழங்கையைப் பிடித்தார், பேசாதே என்றா பேசு என்றா தெரியவில்லை.

நான் எழும்பினேன். வேதப்புத்தகத்தில் கை வைத்திருந்தேன். "ட்ரக் கதையில்ல ஐயா" என்றேன். "இவனுக்குத் தலையில ஒரு வருத்தமும் இல்ல. தப்புறதுக்குச் சொல்றான். என்ட பிள்ளையத் தலையாட்டிக் காட்டிக்குடுத்தவன் இவன்தான். நான் கண்டன்."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஃபைல் மூடப்படவில்லை. காட்டிக்கொடுத்தவனைத் திரும்ப அழைத்து, எந்த முகாம், எந்த அதிகாரி என்று கேட்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள்.

நீ கொண்டு வந்த தலைக்கு நான் செய்யக்கூடியது அதுதான். உன் பெயரும் என் பிள்ளையும் ஒரு தட்டில் இருந்தால் நான் எதை எடுப்பேன் என்று உனக்குத் தெரியாதா? இரண்டையும் எடுக்க ஒரு வழி இருந்தது. அதை ஆறாம் திகதி ஆஸ்பத்திரியில் வைத்து நீ அடைத்தாய்.

ஏன் என்று மட்டும் எழுது. மன்னிப்பு எழுதாதே.

செசீலியா


கொட்டாஞ்சேனை
08.02.2004

அக்கா,

ஏன் என்று கேட்டாய்.

ஊசி போடாமல் வரத்தான் ஆறாம் திகதி வரைக்கும் நினைத்திருந்தேன். அன்று காலை அந்த ஆமிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் இருந்தபோது அந்த மண்டபத்தை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் கேட்பார்கள்: நீ காட்டினாயா? நான் இல்லை என்பேன். தலை ஓம் என்னும். திரும்பவும் ஒரு கூட்டம் மனிதர் என் வாயை விட்டுவிட்டு என் தலையைப் பார்ப்பார்கள். வருத்தம் என்று விளங்கிக்கொண்டாலும் பார்ப்பார்கள். ஒரே ஒரு தரம், நீ இருக்கும் இடத்தில், அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல வேண்டும், அதை என் உடம்பு மறுக்கக்கூடாது என்று நினைத்தேன். நேர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்து போனேன். கடைசியில் பார்த்தால் நோவுக்காகவும் இல்லை, குப்பிக்காகவும் இல்லை, வெறும் ஆசை.

இல்லை என்று சொன்னேன். நீ இருந்தாய். ஒருவரும் நம்பவில்லை.

நீ உள்ளே சொன்னதை நல்லரத்தினம் ஐயா அன்றே எனக்குச் சொல்லிவிட்டார். நீ வெளியே வருவதற்கு முன் தேத்தண்ணீர்க் கடையில் வைத்துத்தான் சொன்னார். அதனால் உன் கடிதம் எனக்குப் புதினம் இல்லை. நீ ஆட்டோவில் ஏறியபோது நான் எல்லாம் அறிந்துதான் நின்றேன். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பும் பஸ்ஸில் வெலிக்கந்தை வரைக்கும் இருந்தது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என்னைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஏப்ரல் இருபத்தேழு. யோசித்துப் பார்த்தேன், நீயும் யோசித்துப் பார். அன்றைக்கு என் தலை ஆடினால் நீ வேதப்புத்தகத்தில் கை வைத்துப் பொய் சொன்னவளாவாய். உன் சொல் போனால் அந்த ஃபைலில் வேறு ஒன்றும் இல்லை. நீ தையில் கேட்ட ஆடுகிற தலை சித்திரையில் உன்னைக் கெடுக்கும்.

அதனால் ஊசி போடுவேன். ஏப்ரல் பதின்மூன்றில் நாள் எடுத்துவிட்டேன். புதுவருடத்துக்கு முதல் நாள் யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். ஆமிக்காரனைக் கேட்டேன், எனக்காக வருகிறேன் என்றான். ஏன் அந்தத் திகதிதான் வேண்டும் என்று கேட்டான். ஊரில் ஒரு வழக்கு என்றேன். அவனுடைய கை இப்போது விரிகிறது. என் தோளில் தட்டினான்.

அந்த அதிகாரியின் முகம் எனக்கு மறக்கவில்லை. தோளில் இருந்த நட்சத்திரம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது, ட்ரக் எந்த முகாம் பக்கம் திரும்பியது, எல்லாம் சொல்வேன். தையிலும் இவை எல்லாம் எனக்குத் தெரியும். கேட்க அவர்களுக்கு மனம் இருக்கவில்லை. குற்றவாளி சொன்னால் கேட்பார்கள்.

சொன்ன பிறகு நான் ஊருக்கு வர முடியாது. ஆமிக்கு ஆள் காட்டியவனைத் தேடி யார் வருவார்கள் என்பது உனக்கும் தெரியும், இங்கே கொட்டாஞ்சேனைக்கும் அவர்கள் வருவார்கள். அதைப் பற்றி ஐயாவிடம் கதைக்காதே. அவர் என்னைத் தடுப்பார். கூட்டி வைத்த அறையில் நெல் மூட்டையாவது போடு.

நீ முன்வரிசையில் இரு. என்னைப் பார்க்காதே, பார்த்தால் எனக்குக் குரல் போய்விடும். காட்டினாயா என்று தலைவர் கேட்பார். தலை அசையாமல் இருக்கும். ஓம் என்பேன், வாயால்.

அல்பேட்